அனுப்பாத ட்ரம்பெட்

அன்புள்ள ரூஃபஸ்,

ட்ரம்பெட்டை ஏன் இன்னும் அனுப்பவில்லை என்று கேட்டிருந்தாய். பழுது பார்க்கக் கொடுத்திருப்பதாக நான் எழுதியது பொய்.

சென்ற முறை ஆஸ்பத்திரியிலிருந்து நான் கான்சாஸ் சிட்டிக்குத் திரும்பும் முன் உன் டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார். "ஒரு நுரையீரல் முழுசா போயிருச்சும்மா. இனிமே அவரால ஊதவே முடியாது" என்றார். அதன் பிறகுதான் உன் கட்டிலருகே வந்து சிரித்துப் பேசினேன்.

சனிக்கிழமை நடனத்தில் நம் பேண்டோடு அலோன்ஸோ உன் ட்ரம்பெட்டை ஊதினான். "அண்ணன் வர்ற வரைக்கும்தானே அண்ணி?" என்று கேட்டான். தலையாட்டினேன்.

ப்ளூஸ் பாட்டில் ஒரு வரி பாடிவிட்டு, பதினோரு வருடப் பழக்கத்தில் உன் ட்ரம்பெட்டின் பதிலுக்காகத் திரும்பினேன். பதில் வந்தது. நன்றாகவே ஊதினான், ரூஃபஸ். ஆடியவர்களில் ஒருவர்கூட உன்னைப் பற்றிக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். என்னைத் திட்டுவதற்காவது கொஞ்சம் மூச்சை மிச்சம் வைத்திரு.

உன் மனைவி