மியூசியத்தில் நிற்கிற உன்ரை வாசல்நிலை

உன்ரை படைப்பை மறுபடி காட்சிக்கு வைக்கிறார்கள். காலையில் மியூசியத்தில் மரப்பெட்டியைத் திறந்ததும் சுறா எண்ணெய் மணந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. உன்ரை செத்தவீட்டிலும் அப்படித்தான். தேத்தண்ணி தந்தார்கள், குடித்தேன். இன்றைக்கும், "மெல்லத் தூக்குங்கோ" என்று மட்டும் சொன்னேன்.

உங்கடை கடற்கரை வீட்டில் மிஞ்சினது இந்த வாசல்நிலை ஒன்றுதான். அதைப் பெயர்த்து வந்து, வள்ளத்துக்குப் பூசுகிற சுறா எண்ணெயையே பூசி, கதவும் சுவரும் இல்லாமல் கூடத்தின் நடுவில் நிறுத்தினாய். சனம் அதுக்குள்ளால் நடந்து போகவேண்டும் என்பதுதான் உன்ரை எண்ணம். விளக்கம் எழுதி ஒட்டுவம் என்றேன். "விசரி, வீட்டு வாசலிலை ஆரும் விளக்கம் ஒட்டுவினமோ?" என்று ஏசினாய்.

அந்தக் கண்காட்சியின் முதல்நாள் ஒருத்தரும் உள்ளே போகவில்லை. சாவகச்சேரியிலிருந்து வந்த ஒரு குடும்பம் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நிலைக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தது. எங்கடை சனம் கூப்பிடாமல் எந்த வீட்டுக்குள் போகும்? அதை நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை, பார். நீ உடனே அந்தப் பக்கம் ஒரு கதிரையைப் போட்டு இருந்துகொண்டாய். "வாங்கோ, உள்ளை வாங்கோ." கண்காட்சி முடியும்வரை, தொண்டை கட்டக் கட்ட, அதையே சொன்னாய். "மரத்திலை ஒண்டுமில்லையடி. கூப்பிடுறதுதான் என்ரை படைப்பு" என்றாய் கடைசி நாளில்.

இப்போது மியூசியத்துக்குப் பொறுப்பாக இருக்கிற பிள்ளை நல்லவள். "உள்ளே செல்லலாம்" என்று பலகை வைப்பமோ, அக்கா, இல்லாட்டி அவவின்ரை குரல் எங்கேயும் பதிவில் இருக்கோ என்று கேட்டாள். பதிவு இல்லை. பலகை வேண்டாம் என்றேன். அப்ப என்ன செய்யிறது என்றாள். கூப்பிட ஆளில்லாவிட்டால் அது வெறும் மரம். பெட்டியிலேயே திருப்பி வைத்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

பின்னேரம் சனத்தை உள்ளே விட்டார்கள். வட்டுக்கோட்டையிலிருந்து வந்த வயதான ஐயா ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நிலைக்கு முன்னால் நின்றார். ஒருதரம் செருமினார்.

"வீட்டுக்காரர்! உள்ளை ஆர்?"

யாரோ சிரித்தார்கள். நான் போய் நிலைக்கு அந்தப் பக்கம், நீ இருந்த இடத்தில், ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.

"ஓம், வாங்கோ."

அவர் தலையைக் குனிந்து உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார். "வீட்டுக்காரர் எங்கை, பிள்ளை?"

"அவ செத்துப்போனா, ஐயா."

இத்தனை நாளும் என்ரை வாயால் நான் அதைச் சொல்லவே இல்லை.

நிலைக்கு அந்தப் பக்கம் அடுத்த ஆட்கள் வந்து நின்றார்கள். கூப்பிட வாயைத் திறந்தேன். ஒரேயொருதரம்தான் கூப்பிட்டிருந்தேன், அதுக்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.