ஹால்தோர்பி எது என்று கேள்

அன்பு மகன் லியோவினுக்கு, பியோடனிலிருந்து உன் அம்மா மில்ட்ரித் சொல்லச் சொல்லச் சாமியார் எழுதுவது. நீ எங்கே படுத்தாலும் ஆண்டவர் உன் தலைமாட்டில் இருக்கட்டும். நான் உயிரோடுதான் இருக்கிறேன். உன் அக்கா எட்கித்தும் இருக்கிறாள்.

அப்பா செய்தி உனக்குத் தெரியும். கடல் தாண்டி வந்த அந்த டேனியர்கள் உன்னைப் படகில் தூக்கிப் போட்டபோது நீ பார்த்துக்கொண்டுதானே இருந்தாய். அவரைத் தேன்கூட்டு மேட்டிலேயே புதைத்தேன். கூடுகளையும் கொளுத்திவிட்டார்கள். தேனீ இல்லாத ஊருக்குப் பியோடன் என்று தேனீயின் பெயர் எதற்கு என்று நினைத்தார்களோ என்னவோ.

கொள்ளையடித்துவிட்டுப் போய்விடுவார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். சில வருஷம் கழித்து ஏரோடு வந்தார்கள். அப்பாவை வெட்டிய ஹால்தோர் நம் நிலத்திலேயே வீடு கட்டினான். கல் கோயிலை இடித்து அந்தக் கல்லில் மாட்டுத் தொழுவம் போட்டான். இப்போது ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு மரத்தடிப் பூசையில் எனக்கு முன்னால் முழங்கால் போடுகிறான். பாவமன்னிப்பும் ஆயிற்றாம். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே. எட்கித் அவன் மகனைக் கட்டிக்கொண்டாள். நல்லவன்தான், அடிக்கமாட்டான். அவர்களுக்கு ஒரு மகள், தோரா. சன்னலை அவர்கள் காற்றுக்கண் என்பார்கள். போன குளிரில் “காற்றுக்கண்ண சாத்துடி, தோரா” என்று என் வாயே சொல்லிவிட்டது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இனி நான் எழுதச் சொன்ன காரியம். போன வாரம் தோரா ஆற்றுத்துறையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தாள்.

“பாட்டி, இன்னைக்கு ஒரு கிறுக்கு ஆளு வந்தான். பியோடன் எங்கன்னு கேட்டான். அப்பிடி ஒரு ஊரே இந்தப் பக்கம் இல்ல, கனவு கினவு கண்டியாய்யான்னு கேட்டேன். உன்ன மாதிரியே இழுத்து இழுத்துப் பேசுறான் பாட்டி.”

கை எப்படி இருந்தது என்று கேட்டேன். இடது கையில் சுண்டுவிரல் இல்லை என்றாள். தலை எல்லாம் நரை என்றாள். அரிவாளில் நீ விரலைப் போட்டுக்கொண்டு அழுதது எனக்கு நேற்றுப்போல் இருக்கிறது. உனக்கு முப்பதுகூட ஆகியிருக்காதே, அதற்குள் என்ன நரை?

துறைக்கு ஓடினேன். யாரும் இல்லை. அந்த ஆள் யார்க் பட்டணத்துப் பக்கம் திரும்பி நடந்ததாக உப்பு வியாபாரி சொன்னார். அவரிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன், அங்கே கோயிலில் யாராவது உனக்குப் படித்துக் காட்டுவார்கள்.

குழந்தையைத் திட்டாதே மகனே. அவள் பொய் சொல்லவில்லை. மாமனார் காதில் விழுந்துவிடும் என்று எட்கித் பியோடன் என்ற பெயரை வீட்டில் எடுக்கவே விட்டதில்லை. ஹால்தோர் இருக்கும் ஊர் என்று அவன் பெயரையே ஊருக்கு வைத்து ஹால்தோர்பி ஆக்கிவிட்டார்கள்; அவர்கள் பேச்சில் பி என்றால் ஊர். சிறுசுகளுக்கு வேறு பெயர் தெரியாது. கோயிலும் இல்லை, மேடும் தரைமட்டம். பார்த்தாலும் உனக்கு அடையாளம் தெரியாது. கேட்டுத்தான் வரவேண்டும்.

அதனால் திரும்பி வா. துறையில் நின்று, ஹால்தோர்பி எது என்று கேள். அப்பாவை வெட்டியவன் பெயரை உன் வாயால் சொல்லவேண்டும். கசக்கும். துப்பிவிடாதே, சொல். எந்தக் குழந்தையும் வழி காட்டும். நான் தினம் துறையிலேயே துணி துவைக்கிறேன்.

உன் கால் நோகாமல் மாதா காக்கட்டும்.

உன் அம்மா,
மில்ட்ரித்,
ஹால்தோர்பி.