எதிர்ப்படுக்கையில் பெட்ரோல் கேன்

பெருங்களத்தூர்,
24 அக்டோபர் 2025

அன்பு மகள் ஜான்சிக்கு,

கர்த்தருடைய கிருபையால் நலமாயிருக்கிறேன். நீயும் அவ்வாறே இருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் ஜெபிக்கிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பி நீ விஷயத்தை முடித்துவிடுகிறாய். ஆகையால் மலேசியாவின் லங்காவி படகுத்துறை அலுவலக முகவரிக்குத் தபாலில் எழுதுகிறேன்.

சென்ற வாரம் நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புதுக் கோப்பையைக் காட்டத்தான் எடுத்திருக்கிறாய். அதன் பின்னால், நீங்கள் இருவரும் குடியிருக்கும் பாய்மரப் படகின் அறைக்குள், உன் படுக்கைக்கு எதிர்ப்படுக்கையின் தலைமாட்டில், படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினுக்கான சிவப்பு பெட்ரோல் கேன் இருக்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் அடுப்பு.

படகைப் பற்றி நான் ஏதும் அறியேன். ஆனால் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் சட்டப் பிரிவில் பணிக்காலம் முழுவதும் தீ விபத்து வழக்குகளைப் படித்தவன் என்ற முறையில் இதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே எழாது, தாழ்ந்த இடம் தேடி இறங்கும். வீடென்றால் வாசல் வழியே போக வாய்ப்புண்டு. படகோ ஒரு கிண்ணம். அடிப்பலகைக்குக் கீழே ஆவி தேங்கிவிட்டால், அடுப்பைப் பற்றவைக்கும் வரை அது அங்கே இருப்பது தெரியாது. ஆகவே கேன் வெளியே, நிழலில், கட்டப்பட்டு இருக்க வேண்டும். பெட்ரோல் பிடிக்கும்போது கேனைக் கரையில் இறக்கித் தரையில் வைத்தே பிடி. கழுத்துவரை நிரப்பாதே; வெயிலில் பெட்ரோல் விரியும்.

இதை எழுதுவதோடு நிற்காமல், கேனை வைக்க ஒரு பெட்டி செய்யச் சொல்லித் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைக்கும் போய்வந்தேன். தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பிக்கொண்டிருந்ததால் எங்கள் முனையைத் தாண்டவே ஆட்டோவுக்கு வெகுநேரமாயிற்று. அங்கே ஆசிப் என்பவர் துருப்பிடிக்காத எஃகில் பெட்டி செய்கிறார். இறுக மூடும் மூடி. அடியில் ஒரு துளை. அதில் குழாய் பொருத்தினால் ஆவி கடல் பக்கம் போய்விடும். நான் வரைந்து காட்டியதைப் பார்த்து, ஆவிக்கே வூடு கட்றியா சார் என்று சிரித்தார். பிறகு தகட்டை எடுத்துவைத்துக்கொண்டு கேட்டார்:

"ஒரு கேனுக்கா, ரெண்டுக்கா? போட்ல எத்தினி பேரு கீறாங்கோ?"

ஒரு கேனுக்கு என்றேன். தனியாளாகத் தூக்கும்படி இருக்கட்டும் என்றும் சொன்னேன்.

அந்தப் படத்தில் மாப்பிள்ளை கேஷவின் மழைச்சட்டை கொக்கியில் இல்லை. மிதவைச் சட்டையும் ஒன்றுதான் தொங்குகிறது. சலவைக்குப் போயிருக்கலாம் என்று வாதிட இடமுண்டு. ஆனால் ஒருவர் தலைவைத்துப் படுக்கும் இடத்தில் யாரும் பெட்ரோல் கேனை வைப்பதில்லை. நான் எதுவும் கேட்கப்போவதில்லை. எப்போதாவது சொல்ல வேண்டுமென்று உனக்குத் தோன்றினால் சொல். குறுக்கு விசாரணை இராது.

உன் அம்மா கர்த்தரிடம் போனபின், கட்டிலில் அவள் பக்கத்தில் முதலில் செய்தித்தாளைத்தான் வைத்தேன், எடுக்கச் சௌகரியம் என்று. பிறகு இஸ்திரித் துணி வந்தது, குடை வந்தது, இப்போது பழைய மிக்ஸியும் அங்கேதான் இருக்கிறது. உட்கார்ந்து செருப்பு மாட்டக்கூட அந்தப் பக்கம் இடமில்லை. நேற்று எல்லாவற்றையும் எடுத்துக் கீழே வைத்துவிட்டுப் படுத்தேன். அவ்வளவு அகலத்தில் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் துணியை மட்டும் திரும்ப வைத்தேன்.

பெட்டிக்கு அளவு வேண்டும். படகின் பின்பக்க மூலையில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து எழுது. அளவு வந்தால்தான் தகட்டை வெட்ட முடியும் என்கிறார் ஆசிப். அதுவரை கேனை வெளியே கட்டிவை.

அப்படியே, காலியாகும் அந்தப் படுக்கையின் நீளத்தையும் அளந்து எழுது. அது ஆசிப்புக்குத் தேவையில்லை. பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டேன். என் உயரம் ஐந்தடி ஏழங்குலம்; முழங்காலை மடக்கிப் படுக்கவும் என்னால் முடியும்.

கடலையும் காற்றையும் அடக்கியவர் உன் அடுப்பையும் காப்பாராக.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும் அப்பா,
ஏசுதாசன்