இளஞ்சிவப்புத் தாளில் அடிபட்ட இரண்டு வரிகள்

இன்று காலை, உன் மனைவி லண்டனிலிருந்து அனுப்பிய பெட்டியைப் பிரித்தேன். சிகரெட் நாற்றம் குப்பென்று மூக்கில் ஏறியது. "செத்தும் நாறுறாய்" என்று வாய்விட்டே சொன்னேன். இருபது வருடம் உன்னை "அண்ணை" என்று கூப்பிட்ட வாய் இது. இனி உனக்கு "நீ" போதும்.

இங்கே சென்ட் லோரன்ட் பகுதியில் எங்கள் மேல்வீட்டில் நீ வாடகைக்கு இருந்தபோது, அம்மாவின் புட்டைத் தின்றுதான் படித்தாய். பள்ளி மண்டபத்தில் போட்ட உன் நாடகங்களை நான்தான் பிரதி எடுத்தேன். பிறகு லண்டன் போனாய். டிவியில் ஆஸ்பத்திரித் தொடர் ஒன்றில் பத்தோடு பதினொன்றாக வசனம் எழுதினாய். பிறகு பொலிஸ் தொடர். பிறகு, உன் பெயரை முதலில் போட்டுக் காட்டும் மூன்று பாக நாடகம் ஒன்று கிடைத்தது.

அதற்குத்தான் எனக்குப் போன் எடுத்தாய். "இஞ்சை எல்லாரும் கொலைகாரனைத்தான் எழுதுகினம், தங்கச்சி. எனக்கு ஒரு உண்மைக் கதை வேணும்" என்றாய். நான் ஒரு மடைச்சி. அம்மா எனக்கு மட்டும் சொன்னதை உனக்குச் சொன்னேன்.

ஊரிலிருந்து இங்கு வர, களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் அம்மாவை வேறொருவரின் மனைவி என்று கள்ளப் பாஸ்போர்ட்டில் ஏற்றினான். பாங்கொக்கில் அந்த மனிதரோடு பதினொரு நாள் ஒரே அறை. அவர் ஒவ்வொரு இரவும் தலையணையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய், உள்ளே கொண்டி போட்டுப் படுத்தாராம். முன்பே இங்கு வந்திருந்த அப்பாவிடம், பெண்களோடு தங்கியதாகவே அம்மா சொல்லியிருந்தார். அப்பாவின் சந்தேகக் குணம் அவருக்குத் தெரியும்.

"பேரை மாத்திப் போடுவன். ஒருத்தருக்கும் விளங்காது" என்றாய்.

உன் நாடகம் என்று அம்மா வடை சுட்டார். அம்மாவும் அப்பாவும் பிறகு குடிபோன நோத்ர-டாம்-த-கிரேஸ் வீட்டில் மூவரும் பார்த்தோம். களவு போய்விடும் என்று பயந்து, நாடகத்தில் வந்த பெண் தாலியைக் கழற்றிப் பாவாடை மடிப்புக்குள் வைத்துத் தைத்தாள். அது அம்மா செய்தது. அப்பாவுக்கும் தெரிந்த விஷயம். அவர் திரும்பி அம்மாவைப் பார்த்தார். பிறகு கூடவந்தவனோடு ஒரு அறை, ஒரு கட்டில், விளக்கு அணைந்தது. குளியலறைக்கு யாரும் போகவில்லை.

"ஆர் அவன்?" என்று கேட்டார் அப்பா.

"ஐயோ அப்பா, அது முழுக்கக் கற்பனை!" என்றேன். அவசரத்தில் வேறு ஒன்றும் வாயில் வரவில்லை.

நாலு வருடமாகிறது. அப்பா அம்மாவின் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கவில்லை. தன் சோற்றைத் தானே வடிக்கிறார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, "கொம்மாட்டைச் சொல்லு" என்று எனக்குப் போன் எடுக்கிறார். நீயோ விருது வாங்கினாய். போனில் உன்னைத் திட்டித் தீர்த்தபோது, "அவன் குளியலறைக்குப் போறதை நான் எழுதினனான் பிள்ளை. எடிட்டர்தான் நேரம் காணாதெண்டு வெட்டினவன். நான் என்ன செய்யிறது?" என்றாய். நம்பினேன்.

இன்று பெட்டியில் அந்த நாடகத்தின் பிரதி இருந்தது. திருத்தம் வர வர வேறு வேறு நிறத் தாளில் அச்சிடுவது உங்கள் தொழில் வழக்கமாமே. இளஞ்சிவப்புத் தாளில் அந்த இரண்டு வரிகளும் இருந்தன: அவன் தலையணையோடு குளியலறைக்குள் போகிறான். கொண்டி விழும் சத்தம். இரண்டையும் உன் பேனா அடித்திருந்தது. ஓரத்தில், அங்கே ஒருவருக்கும் புரியாத தமிழில், உன் கையெழுத்து: "இது இருந்தால் பார்ப்பவருக்குச் சந்தேகம் வராது. வெட்டு."

உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்த பாவி! உன் செத்தவீட்டை இணையத்தில் பார்த்து அழுதேனே, அந்தக் கண்ணீரைத் திருப்பித் தா.

தாளை எடுத்துக்கொண்டு மெட்ரோ பிடித்து அம்மா வீட்டுக்கு ஓடினேன். அடித்த வரிகளை அப்பாவுக்குத் தமிழில் வாசித்தேன். அம்மா குசினி வாசலில் நின்றார். அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

"இதையும் அவன்தானே எழுதினவன்?"

"ஓம் அப்பா. ஆனா இது உண்மை."

"அண்டைக்கு முழுக்கக் கற்பனை எண்டாய். இண்டைக்கு உண்மை எண்டுறாய்." எழுந்து, தன் சோற்றுக்கு அரிசி கழுவப் போனார்.

வெளியே வரும்போது அம்மா என் கையைப் பிடித்தார். "இனி என்ரை கதையை ஒருத்தருக்கும் சொல்லாதை, பிள்ளை." கோபமில்லாமல்தான் சொன்னார். அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருக்கிறது.

ஆனாலும் யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். நீ இனி எழுதமாட்டாய்.