ஆறு பேட்டரிக்கும் ஒரே பல்வலி

அக்டோபர் 6, திங்கள்

விடியற்காலை தூறல். ஏழு மணிக்கு விட்டது. காற்று இல்லை. அலவாய்மலை தெளிவாகத் தெரிந்தது.

இன்றைய வேலை: ட்ரோன் துடைக்க. பழனிச்சாமி மாமா சோளக்காட்டைச் சுற்றி அளவெடுக்க. மாவு ஆட்ட. சின்னக் குடத்துக்கு மூடி.

மாவு மட்டும் ஆட்டினேன்.

ட்ரோன் வந்து எட்டு மாதம். எங்கள் மகளிர் குழுவுக்கு வந்தது, பயிற்சிக்குப் போய் வந்தவள் நான் ஒருத்தி. இத்தனை நாளும் ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. மருந்தடிக்கக் கூப்பிட்டது யாரும் இல்லை. முதலில் கூப்பிட்டவர் ப.மாமாதான். விவசாயிகள் குழுவுக்கு அவர்தான் தலைவர். ஆறு ஏக்கர் மக்காச்சோளம், படைப்புழு விழுந்திருக்கிறது. ஞாயிறு அடித்துக் காட்டி நன்றாக இருந்தால் விவசாயிகள் குழுவின் மொத்தச் சோளத்துக்கும் மருந்தடிக்கும் வேலை இந்தப் பருவம் எங்களுக்கு.

இன்று பறக்கவே இல்லை. இரண்டு பேட்டரியை மாட்டியதும் கூவும் டப்பா அலற ஆரம்பித்தது. (பேட்டரிக்குள் ஏதாவது ஒரு செல் இறங்கினால் கத்துவதற்கென்று நான் மாட்டி வைத்த சின்ன டப்பா.) மாற்று ஜோடி போட்டேன். அதுவும் அலறல். மூன்றாவது ஜோடி, அதுவும்.

ப.மாமா: "ஏம் புள்ள கவிதா, என்ன இது, பச்சக்கொழந்தையாட்டம் கத்துது?"

"பேட்டரி கம்மின்னு சொல்லுதுங்க மாமா."

"அதக் கழட்டிப் போட்டுட்டு ஓட்டு."

"ஓட்டலாம்ங்க. நடுக்காட்டுல மருந்தோட உழுந்தா என்னுங்க பண்றது?"

மாமா டப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஞாயித்துக்கெழமைக்குள்ள சரி பண்ணிப்போடு அம்மிணி. புழு குருத்துக்குள்ள போயிருச்சுன்னா அப்புறம் எதுக்கும் அடங்காது. முடியலீன்னா சேலத்து ட்ரோன் கம்பெனிக்காரனத்தான் வரச் சொல்லோணும்."

தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வழியெல்லாம் எரிச்சல்.

அக்டோபர் 7, செவ்வாய்

வெயில். கோழிப்பண்ணை வாடை இந்தப் பக்கம்.

சார்ஜரில் போட்டேன். ஏற்ற மாட்டேன் என்கிறது. 'செல் பிழை' என்று சிவப்பு விளக்கு. ஒரு பேட்டரிக்குள் ஆறு செல். ஆறும் ஒரே அளவு காட்ட வேண்டும். செல் மீட்டர் காட்டியது:

பே.1: ஐந்து செல் 3.83. ஆறாவது 3.21.
பே.2: ஐந்து 3.83. ஆறாவது 3.40.
பே.3: ஆறாவது 2.98.
பே.4: 3.10.
பே.5: 3.33.
பே.6: 3.27.

பேட்டரி விற்ற சேலம் கடைக்காரருக்கு போன். அவர் சாப்பிட்டுக்கொண்டே பேசினார். "செல் போயிருச்சும்மா. ஆறையும் மாத்திருங்க." பார்க்கவில்லை, ஒரு கேள்வி கேட்கவில்லை. மென்றுகொண்டே தீர்ப்பு.

மத்தியானம் வீட்டுக்காரர் கூப்பிட்டார். போர் போடும் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறார்.

"ஆறும் ஒண்ணாப் போச்சா? கண்ணு பட்டிருக்கும். ஆயுத பூசைக்கு ஒழுங்காப் பொட்டு வெச்சியா?"

"வெச்சேனுங்க. ஒண்ணக்கூட உடல."

"அப்புறமென்ன, சரியாப் போயிரும்."

சமாதானம் சொல்லத் தெரியாத மனிதர். இருந்தாலும் போனை வைத்த பிறகு கொஞ்சம் தைரியமாக இருந்தது.

அக்டோபர் 8, புதன்

வானம் மூடாக்கு. துணி காயவில்லை.

அழுகை வந்தது, அழவில்லை. கோபம்தான் அதிகம். நான் என்ன குறை வைத்தேன்? சுவரில் ஒட்டியிருக்கும் என் தாளைத் திரும்பப் படித்தேன்:

– பறந்து இறங்கியதும் சார்ஜ் கூடாது. புறங்கை வைத்தால் சுடாத வரை காத்திரு.
– முழுச் சார்ஜில் நாள்கணக்காக வைக்காதே. சும்மா கிடக்கும்போது பாதிக்குக் கொஞ்சம் மேலே.
– ஒட்ட ஒட்டத் தீர்க்காதே.
– தகர ஷெட்டில் வைக்காதே. வெயில் பட விடாதே.
– சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் ஆள். கீழே மணல்.

ஒன்றையும் மீறவில்லை. சித்ரா எப்போதும் கிண்டல் செய்வாள், "ஊட்டுக்காரருக்குக்கூட இத்தன பார்க்க மாட்டீங்க அக்கா" என்று. சித்ரா எங்கள் குழுதான். மருந்து கலக்குவது, தொட்டி நிரப்புவது அவள் வேலை. அதற்கு முன் பன்னிரண்டு வருடம் வெண்ணந்தூரில் விசைத்தறி.

பதினோரு மணிக்குச் சித்ரா வந்தாள். அளவுகளை வாசித்துக் காட்டினேன். வாசிக்கும்போதே எனக்கு உறைத்தது. ஆறு பேட்டரியிலும் ஆறாவது செல்தான். எப்படி? ஆறு பேருக்கும் ஒரே நாளில் ஒரே பல்லில் வலி வருமா? பே.1 வாங்கியது பிப்ரவரியில். பே.6 வந்தது ஆகஸ்டில். வயது வேறு, ஓடிய ஓட்டம் வேறு.

சித்ரா: "நூலு அறுந்தாத் தறி தானா நின்னுக்கும்ங்க அக்கா. ஒவ்வொரு நாளைக்கு நூலு ஒண்ணும் அறுந்திருக்காது, ஆனாலும் நிக்கும். பாத்தா, நூலு அறுந்துச்சுன்னு காட்டற கம்பி தொடற எடத்துல பஞ்சு அடைச்சிருக்கும். ஊதி உட்டாப் போதும், ஓடும்."

நூல் அறுபடவில்லை. அறுந்தது என்று சொல்கிற இடத்தில்தான் கோளாறு.

ஓடிப்போய் மல்டிமீட்டர் எடுத்தேன். செல் மீட்டர் பார்ப்பது ஓரத்துச் சின்ன வெள்ளை ப்ளக் வழியாக. மின்சாரம் போவது பெரிய ப்ளக் வழியாக. பெரியதில் மொத்தம் பார்த்தால்? முனை இரண்டும் தொட்டுக்கொள்ளாமல் மெதுவாக வைத்தேன். பே.1: 22.98.

செல் மீட்டர் காட்டிய ஆறையும் கூட்டினால் 22.36 தான். மீதி 0.62 எங்கே போனது? எங்கும் போகவில்லை. பேட்டரிக்குள் பத்திரமாக இருக்கிறது. 22.98-ஐ ஆறால் வகுத்தால் 3.83. ஆறாவது செல்லும் மற்ற ஐந்தைப் போலவே திடமாக இருக்கிறது.

பே.2 அப்படியே. 3 அப்படியே. 5, 6 அப்படியே.

பே.4 மட்டும் மொத்தமே குறைவு. 22.25. அதன் ஆறாவது செல் நிஜமாகவே படுத்துவிட்டது. போகட்டும். ஐந்து பிழைத்தது.

சித்ராவைக் கட்டிப்பிடித்தேன். அவள் பயந்துவிட்டாள். மென்றுகொண்டே ஆறையும் மாற்றச் சொன்ன மனிதரை நினைத்துக்கொண்டு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அக்டோபர் 9, வியாழன்

காலையில் நல்ல வெயில். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பே.1-இன் வெள்ளை ப்ளக், ஏழு துளை. போனில் டார்ச் போட்டு, மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தேன். ஆறு துளை பளிச். ஆறாவது செல்லுக்கான ஓரத்துத் துளையில் ஏதோ அடைப்பு. மஞ்சளா, பச்சையா தெரியவில்லை.

பல்குச்சியால் தோண்டினேன். தூளாக வந்தது. மோந்து பார்த்தேன்.

சந்தனம்.

பே.2-ஐ எடுத்தேன். அதே ஓரத்துத் துளை, அதே தூள்.

இங்கே எழுதி வைக்கிறேன், வேறு யாரும் படிக்கப் போவதில்லை. ஆயுத பூசை அன்று கிரைண்டர், தையல் மெஷின், மொபெட், ட்ரோன், சார்ஜர், எல்லாவற்றுக்கும் நானே பொட்டு வைத்தேன். பேட்டரி உறை வழுவழு. சந்தனம் நிற்கவில்லை, வழிந்தது. வெள்ளை ப்ளக் மட்டும் பார்க்க முகம் மாதிரி இருந்தது. அதில் வைத்தேன். ஆறுக்கும் ஒரே விரல், ஒரே பக்கம். தண்ணீர் விட்டுக் குழைத்த சந்தனம், மேலே குங்குமம். மறுநாள் மேலாகத் துடைத்தேன். துளைக்குள் இறங்கியது தெரியவில்லை. ஒரு வாரத்து ஈரத்தில் உள்ளே இருக்கும் தகடு பச்சை பூத்துவிட்டது.

ஒன்றைக்கூட விடவில்லை என்று வீட்டுக்காரரிடம் பெருமை வேறு.

சிரிப்பு வந்தது. வெட்கமும் வந்தது. ஆனால் சந்தோஷம்தான் அதிகம், அதை மறைப்பானேன். கெட்டது பேட்டரி இல்லை. கெடுத்தது நான். நான் கெடுத்ததை நான் சரி செய்யலாம்.

செல்போன் ரிப்பேர் கடைக்குப் போனேன். போர்டு கழுவுகிற ஸ்பிரிட் ஒரு சின்னப் பாட்டில். பழைய பல் துலக்கும் பிரஷ். பல்குச்சி ஒரு டப்பா. இரும்பு ஊசி கூடாது, இரண்டு துளையைச் சேர்த்துத் தொட்டால் பொறி பறக்கும். துளைக்கு நாலு தடவை. பிறகு செல் மீட்டரை மாட்டி, கழட்டி, மாட்டி, கழட்டி, பச்சை உரசிப் போகும் வரை. நிழலில் முழுக்கக் காயவிட்டேன்.

பே.1: 3.83 3.83 3.83 3.83 3.83 3.83.

இந்த வரியை அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறேன்.

அக்டோபர் 10, வெள்ளி

லேசான காற்று.

ஐந்தும் தேறின. வாசல் மணலில் வைத்து, குறைந்த வேகத்தில், ஒவ்வொன்றாகச் சார்ஜ். சிவப்பு விளக்கு வரவே இல்லை. நகராமல் உட்கார்ந்திருந்தேன். சித்ரா டீ கொண்டுவந்தாள். சந்தனக் கதையைச் சொன்னேன். டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "ஊர்ல சொல்லோணுமா வேண்டாமாங்க அக்கா?" வேண்டாம் என்றேன்.

பே.4-ஐத் தரையில் வைத்தால் தொட்டில் மாதிரி ஆடுகிறது. அடிவயிறு உப்பியிருக்கிறது. இதற்கும் சந்தனத்துக்கும் சம்பந்தம் இல்லை. இனி அது பறக்காது, சார்ஜும் ஏறாது. தனி மண்தொட்டியில், வீட்டை விட்டுத் தள்ளி. மின்கழிவு எடுப்பவர்கள் வந்ததும் கொடுக்க வேண்டும். குப்பையில் கூடாது.

மாலை நாலு மணி: தொட்டியில் வெறும் தண்ணீர், எங்கள் கடலைக் காட்டுக்கு மேல் ஏழு நிமிடம். டப்பா கத்தவில்லை. வரப்பில் ஒரு மயில் நின்று பார்த்தது. ராணி மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

அக்டோபர் 11, சனி

மழை. மத்தியானம் வரை விடவில்லை.

ப.மாமா போன். சேலத்துக் கம்பெனிக்காரர் இன்றே வருவதாகச் சொன்னாராம், மழையால் நாளைக்குத் தள்ளியிருக்கிறார். "உன்னுது ஓடுமா ஓடாதா, இப்பவே சொல்லிப்போடு."

"ஓடும்ங்க மாமா. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வாரேன்."

போனை வைத்துவிட்டு ஐந்து பேட்டரியையும் இன்னொரு தடவை அளந்து பார்த்தேன்.

ரேஷன் கடை போக மறந்தேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

வானம் வெளிறி. காற்று இல்லை. ஐந்தே முக்காலுக்குக் காட்டில்.

விவசாயிகள் குழு ஆட்கள் இருபது பேர் இருக்கும். வரப்பு நெடுக நின்றார்கள். முதல் ஜோடியை மாட்டினேன். எல்லோரும் டப்பாவைத்தான் பார்த்தார்கள். அது வாயைத் திறக்கவில்லை.

முதல் ஏக்கர். குருத்துக்கு மேல் பனி போல மருந்து. இறக்கி, இரண்டாவது ஜோடி. இரண்டாவது ஏக்கர். முதல் ஜோடி சூடு ஆறும் வரை மோட்டார் ரூம் நிழலில், பிறகு சார்ஜில். கூட்டத்தில் ஒருவர், "சூடாவே போட்டா நேரம் மிச்சமில்லீங்களா?" புறங்கை வைத்துப் பார்க்கச் சொன்னேன். வைத்தார், எடுத்தார், அப்புறம் கேட்கவில்லை.

மூன்று, நாலு, ஐந்து. ஒன்பது மணிக்குக் காற்று கிளம்பப் பார்த்தது. ஆறாவது ஏக்கரின் கடைசி வரிசைக்குத் தொட்டியும் தீர்ந்தது, காற்றும் வந்தது. ஒன்பதரை. இறக்கினேன்.

சேலத்துக்காரரின் வேன் அப்போதுதான் ரோட்டில் வந்து நின்றது. ப.மாமாவே நடந்து போய்ப் பேசி அனுப்பினார். திரும்பி வந்து, "குழுச் சோளம் பூராவும் உன்னுதுதான் அம்மிணி. நாளைக்கு எங்க மச்சான் காடு."

சித்ரா முந்திக்கொண்டு "செரிங்க மாமா" என்றாள்.

அதற்குள் அவர் வீட்டு அத்தை தட்டோடு வந்துவிட்டார். கற்பூரம், குங்குமம், குழைத்த சந்தனம். "ஆறு ஏக்கரு நேரத்துக்கு முடிச்சுப்போட்ட, அத்தன கண்ணும் இது மேலதான் சாமி. மிசினுக்கு ஒரு பொட்டு வெச்சு உடறேன்." விரல் நிறைய சந்தனம். நேராக வெள்ளை ப்ளக்கைப் பார்த்துப் போனது.

கையை நீட்டி மறித்தேன். "அத்தே, அதுக்கு வேண்டாம்ங்க."

"ஏஞ் சாமி?"

இருபது பேரும் பார்த்தார்கள். சித்ரா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். சொல்லிவிட்டேன். "போன தடவ நாந்தான் வெச்சேனுங்க. அதுல அடைச்சுத்தான் ஒரு வாரம் கத்துச்சு."

ப.மாமாதான் முதலில்: "அப்ப எங்கூட்டு மோட்டாருக்கும் நீதான் வெச்சியா? அதும் ஓட மாட்டீங்குது." வரப்பே சிரித்தது. நானும்தான்.

அத்தை தட்டோடு நின்றார். "எடுத்த சந்தனத்த என்ன பண்றது?"

"எனக்கு வெச்சு உடுங்க" என்றேன். நெற்றியைக் காட்டிக் குனிந்தேன்.

பெரிய பொட்டாகவே வைத்தார். மாலை ஆறு மணி ஆகிறது. இன்னும் முகம் கழுவவில்லை.