பெரிசும் சின்னதும்

8.2.2006, புதன்

எழுதவே கூச்சமாக இருக்கிறது. இன்று ஸ்கேன் அறையில் மயங்கி விழுந்தேன். வயிற்றில் பிள்ளை சுமப்பவள் என் மகள் அறிவுமதி; விழுந்தது நான். தொண்ணூறு கிலோ. நர்ஸ் அவளை விட்டுவிட்டு எனக்கு விசிறினாள்.

விழுந்ததற்குக் காரணம் உண்டு. ரெட்டைப் பிள்ளை என்று முன்பே தெரியும். பெரிசு, சின்னது என்று பேர் வைத்ததும் நான்தான். இன்று பெரிசைச் சுற்றி ஏரி மாதிரி தண்ணீர். சின்னது தண்ணீரே இல்லாமல் ஓரத்தில் ஒட்டிக் கிடந்தது. “பெரிசு சரியான தின்னிப்பண்டாரம், கூடப் பொறந்ததோட பங்கையும் குடிக்குது” என்றேன். டாக்டர் சிரிக்கவில்லை. உடனே சென்னைக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதினார். அப்புறம்தான் தரை.

10.2.2006, வெள்ளி

சென்னை ஆஸ்பத்திரி. டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார். ரெண்டுக்கும் ஒரே நஞ்சுக்கொடி. அதிலே ரத்தக் குழாய்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கிடக்கின்றன. சின்னதின் ரத்தம் அந்த வழியாகப் பெரிசுக்குப் போய்விடுகிறது.

அப்படியென்றால் பெரிசுக்கு நல்லதுதானே என்று கேட்டேன். அதன் இதயத்தைத் திரையில் காட்டினார். சுவர் தடித்துப்போய், உள்ளே கதவு சரியாக மூடாமல், அனுப்பிய ரத்தம் திரும்பி வருகிறது.

“அது எடுத்துக்கலைங்க. அது மேல கொட்டிக்கிட்டே இருக்கு. அதான் இதயம் தாங்கல.”

ஏழு வருஷமாகக் கம்பெனி பஸ் ஓட்டுகிறேன். ஐம்பது பேர் வண்டியில் நூறு பேரை ஏற்றினால் இன்ஜின் என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் என்ன பேச்சு பேசினேன்.

மெல்லிசான குழாயை வயிற்றுக்குள் விட்டு, லேசர் வெளிச்சத்தால் அந்தக் குழாய்களைச் சுட்டு அடைப்பார்களாம். ரெண்டும் பிழைக்கலாம். ஒன்று மட்டும் பிழைக்கலாம். ஒன்றும் இல்லாமலும் போகலாம். மாப்பிள்ளை சுடலைக்கண்ணு சம்மதத் தாளில் கையெழுத்துப் போடப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, “எந்தப் பிள்ளைக்கு ஆபத்துன்னு சொல்லுதாவ, மாமா?” என்றார். திருநெல்வேலிப் பேச்சை அவரைப் போலவே பேசிக் காட்டிக் கிண்டல் செய்வது என் வழக்கம். இன்று செய்யவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அறிவுமதி தூங்கினாள். வயிற்றுப் பக்கம் குனிந்து, தின்னிப்பண்டாரம் என்று சொன்னதை மனசில் வைத்துக்கொள்ளாதே என்று சொன்னேன். பக்கத்து சீட்டு ஆள் எழுந்து வேறு இடம் போய்விட்டார்.

13.2.2006, திங்கள்

லேசர் முடிந்தது. ரெண்டு இதயமும் ஓடுகிறது.

14.2.2006, செவ்வாய்

ஓடுகிறது.

15.2.2006, புதன்

சின்னதின் இதயம் நின்றுவிட்டது.

நஞ்சுக்கொடியில் அதற்கு இருந்த பங்கே கொஞ்சமாம். குழாய்களை அடைத்ததால் பெரிசுக்கு ஆபத்து குறைவாம், அடைக்காமல் இருந்தால் பெரிசின் ரத்தமும் சின்னதின் பக்கம் இறங்கியிருக்குமாம். எல்லாம் புரிகிறது. புரிந்து இன்னா பண்றது?

வெளியே எடுக்க மாட்டார்கள். பெரிசு பிறக்கிற வரைக்கும் சின்னதும் கூடவே இருக்கும்.

1.3.2006, புதன்

பெரிசின் இதயத்தில் கசிவு பாதியாகக் குறைந்திருக்கிறது. டாக்டரம்மா சந்தோஷமாகச் சொன்னார். அறிவுமதி, “அதையும் காட்டுங்க” என்றாள். திரையைத் திருப்பினார்கள். அவள் பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

29.3.2006, புதன்

கசிவு இல்லை. சுவர்த் தடிப்பு மட்டும் கொஞ்சம் பாக்கி.

7.4.2006, வெள்ளி

வளைகாப்பு. வேண்டாம் என்றுதான் என் சம்சாரம் கங்கம்மாள் சொன்னாள். உயிர் போனதை வயிற்றில் வைத்துக்கொண்டு என்ன விசேஷம், யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று இரண்டு நாள் அழுதாள். அறிவுமதி ஒரே பேச்சில் முடித்தாள்.

“உள்ள ரெண்டும்தாம்மா கீது. ரெண்டுக்கும் சேத்துப் போடு.”

போட்டார்கள். முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். வளையல் சத்தம் உள்ளே பிள்ளைக்குக் கேட்கும் என்பார்கள். அவள் இடது கையை வயிற்றின் ஓரத்தில், சின்னது கிடக்கிற பக்கம் கொண்டுபோய், மெதுவாக ஆட்டினாள். பெண்கள் பாட்டு நின்றுபோனது.

கங்கம்மாள் என் பக்கத்தில் வந்து, “இன்னாய்யா கல்லு மாதிரி நிக்கிற? எதனா சொல்லி அவள சிரிக்க வையேன்” என்றாள். ஊரையே கிண்டல் செய்கிற வாய். தேடித் தேடிப் பார்த்தேன். பந்தியில் எலுமிச்சை சாதம் பரிமாறப் போனேன்.

22.5.2006, திங்கள்

பெண். ஒரு கிலோ தொள்ளாயிரம். பிறந்ததும் அழுதாள்.

அவளுக்குப் பின்னால் சின்னது வந்தது. காகிதம் மாதிரி ஒட்டிப்போய், என் உள்ளங்கை நீளம்கூட இல்லை. வெள்ளைத் துணியில் சுற்றி நர்ஸ் என் கையில் கொடுத்தாள். இதுவும் பெண்தான் என்றாள். அதுவரை எங்களுக்குத் தெரியாது.

நானும் மாப்பிள்ளையும் ஊருக்குக் கொண்டுபோய்ப் புதைத்தோம். அவர் பால் ஊற்றினார். கனமே இல்லை மாமா, கனமே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

17.6.2006, சனி

பிள்ளையின் நெஞ்சில் களிம்பு தடவி ஸ்கேன் வைத்து அரை மணி நேரம் பார்த்தார்கள். இதயம் சரியாக இருக்கிறதாம். இனி ஒரு வருஷம் கழித்து வந்தால் போதும். மாப்பிள்ளை என் தோளில் சாய்ந்து அழுதார். சட்டை நனைந்தது.

19.6.2006, திங்கள்

முதல் ஷிப்ட். கம்பெனியில் லைனில் வேலை பார்க்கும் கொம்பையா ஊரில் ரெண்டு மாசம் இருந்துவிட்டு இன்றுதான் வந்தான். என் பின் சீட்டில் உட்கார்ந்து, “அண்ணாச்சி, பேத்திய ரெண்டும் நல்லா இருக்காளுவளா?” என்றான். ரெட்டை என்று எப்போதோ நான் சொன்னது; சின்னது போனதை விட்டுவிட்டு, பேத்தி என்று மட்டும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“ரெண்டும் நல்லா கீதுப்பா” என்றேன்.

அவன் தூங்கிவிட்டான். ஒரகடத்தில் கம்பெனி கேட்டைத் தாண்டியதே தெரியாமல், நேராக வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டுக்குள் கொண்டுபோய் வண்டியை நிறுத்தினேன். ஐம்பத்திரண்டு பேரும் தூக்கம். காஞ்சிபுரம் போகிறவர்கள் ரெண்டு பேர் ஏறி உட்கார்ந்தார்கள். அவர்களை இறக்கிவிட்டுத் திருப்பினேன். முக்கால் மணி நேரம் லேட்.