கிரிம்ஸ்லேக் வம்சத்துக்கு டைப் அடித்த வருஷம்

8 ஜனவரி 1934, திங்கள்

இன்று முதல் பசுமலை பங்களாவில் வேலை. சரித்திரத்தில் பி.ஏ. தேறி, ஊரிலுள்ள ஆபீசுக்கெல்லாம் மனுப் போட்டுச் சலித்த பிறகு கிடைத்த உத்தியோகம் இது: ஒரு வெள்ளைக்காரரின் குடும்பப் பெயருக்குச் சரித்திரம் டைப் அடிப்பது.

துரையின் பெயர் ஆர்தர் கிரிம்ஸ்லேக். வாய்க்காலும் மதகும் கட்டிப் பென்ஷன் வாங்கியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, சீமைக்கும் திரும்பவில்லை. கிரிம்ஸ்லேக் என்ற பெயர் உலகத்திலேயே அபூர்வம் என்றார். ஆறாவது விரலும் அபூர்வம்தான். அதற்கு யாராவது புஸ்தகம் போடுகிறார்களா?

என் குடும்பப் பெயரைக் கேட்டார். தகப்பனார் பெயரின் முதலெழுத்து மட்டும்தான் உண்டு, வேறு பெயர் கிடையாது என்றேன். பாவம் என்பதுபோல் தலையை ஆட்டினார். அந்தப் பரிதாபத்தையும் சைக்கிள் காரியரில் கட்டிக்கொண்டு வீடு வந்தேன்.

23 ஜனவரி

நாள் முழுக்கப் பாதிரிமாருக்குக் கடிதம். 'தங்கள் கோயில் பதிவேட்டில் கிரிம்ஸ்லேக் என்று எவரேனும் ஞானஸ்நானம் பெற்றோ, மணந்தோ, இறந்தோ இருந்தால் தயவுகூர்ந்து...' பிறக்காமலும் சாகாமலும் இருந்த கிரிம்ஸ்லேக் யாராவது உண்டா என்று கேட்டால்தான் ஆச்சரியம்.

9 பிப்ரவரி, வெள்ளி

சாப்பாட்டு அறைச் சுவரில் இங்கிலாந்துத் தேசப்படம். ஒரு கிரிம்ஸ்லேக் கிடைத்தால் அந்த ஊரில் சிவப்புத் தலை ஊசி ஒன்று. தினம் காலையில் துரை அதன்முன் நிற்பதைப் பார்த்தால் மீனாட்சி சன்னிதியில் கதவு திறக்கக் காத்திருப்பவர் மாதிரி இருக்கும்.

இத்தனை ஊசியும் எங்கே இருக்கிறது? வடக்கே, இரண்டு ஜில்லா சேருகிற மூலையில், என் உள்ளங்கை மறைக்கிற இடத்தில். நம் திருமங்கலம் தாலுகா அளவுகூட இராது. அதைத் தாண்டிக் கடலோரத்தில் ஓரிரண்டு, கனடாவில் ஒரு குடும்பம். உலகத்தை ஆள வந்த ஜாதியில் இப்படி வாசல்படி தாண்டாத ஒரு கூட்டம். துரை அதை 'மண்ணோடு உள்ள பிடிப்பு' என்கிறார். அதையே விளாங்குடிக் குடியானவன் செய்தால் 'முன்னேற மனமில்லாதவன்' என்பார்.

மூல புருஷன் பிரான்சிலிருந்து ராஜாவுடன் குதிரையில் வந்த வீரனாம். இன்னும் ருசு கிடைக்கவில்லையாம். கிடைக்கட்டும்.

3 மார்ச், சனி

கிடைத்தது!

அந்த மூலையிலிருந்து ஒரு கிழப் பாதிரியார் பதில் எழுதியிருக்கிறார். கிரிம்ஸ்லேக் என்பது வீரனும் இல்லை, குதிரையும் இல்லை. பழைய பாஷையில் அழுக்கு ஓடை என்று அர்த்தமாம். மாடுகளை இறக்கிக் குளிப்பாட்டுகிற ஒரு சேற்று ஓடை இன்னும் அங்கே ஓடுகிறதாம். அதன் கரையில் குடியிருந்தவர்களை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் வம்சம்.

உரக்கப் படிக்கச் சொன்னார். படித்தேன். முகத்தை நேராக வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். துரை கடிதத்தை வாங்கி மடித்து வைத்தார். பிறகு, அந்தப் பாதிரியாருக்கு வயதாகிவிட்டது என்றார்.

4 மார்ச்

ஜானுவிடம் சொல்லிச் சிரித்தேன். என் மனைவிக்கு எதிலும் சேர்ந்து சிரிக்கத் தெரியாது. "நீங்க மட்டும் தெனம் சந்தியாவந்தனத்துல நின்னு இன்ன ரிஷி கோத்திரம்னு சொல்லிக்கலையா? அந்த ரிஷியை யார் பார்த்தா? அவரும் ஏதோ ஒரு ஆத்தங்கரையிலதானே ஒக்காந்திருந்தார்?" என்றாள்.

எரிச்சலாக வந்தது.

17 ஏப்ரல், செவ்வாய்

பங்களாவுக்கு ஒரு ஆள் வந்தான். விளாங்குடிக்காரன், பெயர் வெள்ளைத்துரை. அதில் விசேஷம் இல்லை, இந்தப் பக்கத்தில் கரிக்கட்டை நிறத்தவனுக்கும் அந்தப் பெயர் வைப்பார்கள். நாற்பதை நெருங்கிய வயசு. கறுத்த முகம், உழைத்த உடம்பு. ஆனால் அந்த முகத்தில் இருந்தது துரையின் மூக்கு. அந்த வளைவு, அந்த நுனி, அப்படியே. நான் இரண்டு தரம் பார்த்தேன்.

சமையல்காரச் சின்னான் அடுப்படியில் எனக்குக் கதையைச் சொன்னான். ஊருக்கே தெரிந்ததாம், எனக்குத்தான் தெரியாதாம். துரைக்கு எட்வின் என்று ஓர் அண்ணன். அவரும் இதே வாய்க்கால் வேலைக்கு முன்னால் வந்தவர். விளாங்குடியில் முத்துத்தாய் என்ற பெண்ணோடு குடித்தனம் நடத்தினார். பிள்ளை நடக்கத் தொடங்கிய சமயம் லீவில் சீமைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அங்கேயே செத்துப்போனதாகப் பின்னால் சேதி மட்டும் வந்தது. அந்தப் பிள்ளைதான் இவன்.

வெள்ளைத்துரை வாசல்படிக்குக் கீழே நின்று என்னிடம் சொன்னான்: "எங்க ஆத்தா தையில தவறிப்போச்சு, சாமி. சாகுறப்ப ஒண்ணே ஒண்ணுதான் சொன்னுச்சு. ஒங்கப்பன் செத்த நாளக் கேட்டு வந்து வருசா வருசம் வெளக்கு ஏத்துடான்னுச்சு. தொரைக்குத் தெரியும்ல. நாளு மட்டும் சொன்னாப் போதும்."

உள்ளே போய்த் துரையிடம் சொன்னேன். அவர் ஊசி குத்திய படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என் அண்ணனுக்குச் சந்ததி இல்லை. அதை அந்த ஆளிடம் சொல்."

வெளியே வந்து, தொரைக்கு ஞாபகம் இல்லையாம் என்றேன்.

"கூடப் பொறந்தவர் செத்த நாளா?" என்று கேட்டான். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

ஐந்நூறு வருஷத்துக் கிரிம்ஸ்லேக்குகள் எந்தெந்த நாளில் மண்டையைப் போட்டார்கள் என்று இந்த மனுஷனுக்கு நாக்கு நுனியில் நிற்கும். இது ஞாபகம் இல்லையாம்! அந்தப் பொய்யையும் நான்தான் சொன்னேன், அவர்கூடச் சொல்லவில்லை.

18 ஏப்ரல்

எட்வின் கிரிம்ஸ்லேக், மறைவு 14 ஆகஸ்டு 1899, சந்ததியின்றி. போன மாசம் நானே டைப் அடித்தது. எனக்குத் தெரியும்.

எனக்கென்ன வந்தது? அவன் யார், நான் யார்? சொன்னால் வேலை போகும். — சொல்லாவிட்டால்?

29 ஏப்ரல், ஞாயிறு

சைக்கிளில் விளாங்குடிக்குப் போனேன். தர்ம சிந்தனை ஒன்றுமில்லை. அந்தக் கிழத்தின் மேல் உள்ள வெறுப்பில்தான் மிதித்தேன்.

வெள்ளைத்துரை கிணற்றில் மாடு பூட்டிக் கமலை இறைத்துக்கொண்டிருந்தான். மாட்டை நிறுத்திவிட்டு வந்தான். ஆகஸ்டு பதினாலு, ஆடி மாசக் கடைசி என்றேன். அவன் வாய்க்குள் அதை ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டான். "ஆடிக் கடைசியா. சரி சாமி." அதற்குமேல் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அப்பா எப்படி இருப்பார், எதனால் செத்தார், ஒன்றும் இல்லை. இளநீர் வெட்டித் தந்தான்.

திரும்பும்போது வெயில் மண்டையைப் பிளந்தது. ஏதோ பெரிதாகச் செய்துவிட்டதாக நினைக்காதே, பிச்சுமணி, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு தேதி. அவ்வளவுதான்.

11 ஜூன்

அதே கிழப் பாதிரியார் மறுபடி எழுதியிருக்கிறார். அந்த ஊர்க் கோயில் வாசலில் யுத்தத்தில் செத்தவர்களுக்கு ஒரு கல் நட்டிருக்கிறார்களாம். அதிலுள்ள கிரிம்ஸ்லேக்குகளைப் பிரதி எடுத்து அனுப்பியிருந்தார். டைப் அடித்தேன். பெயர், வயது, செத்த இடம். பிரான்ஸ். பிரான்ஸ். பிரான்ஸ். ஒரே வீட்டில் மூன்று பேர். கடைசிப் பையனுக்குப் பதினெட்டு.

சிரிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. பிரான்சிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார் துரை. அங்கே போனவர்கள்தான்.

ஊருக்கு ஊசி இருக்கிறதே தவிர, ஊசிக்கு ஆள் இல்லை. அங்கே உயிரோடு இருப்பதெல்லாம் கிழவர்களும், கல்யாணமாகிப் பெயர் மாறிப்போன பெண்களும். இனி அந்தப் பெயரைச் சுமக்க மிச்சம் கனடாப் பையன் ஒருவன்.

6 ஆகஸ்டு, திங்கள்

கனடாவிலிருந்து தந்தி. பையன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து செத்துவிட்டான்.

துரை சாப்பிடவில்லை. சின்னான் தட்டை எடுத்துக்கொண்டு போனான். என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். போகாமல் சாயங்காலம் வரை பங்களாவிலேயே இருந்தேன். ஏன் என்று தெரியவில்லை.

19 ஆகஸ்டு, ஞாயிறு

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

துரை இன்று என்னையும் அழைத்துக்கொண்டு காரில் விளாங்குடிக்குப் போனார். இத்தனை வருஷம் இந்த ஜில்லாவில் இருந்தும் வேலைக்காரனை அதட்டுகிற அளவுக்குத்தான் அவருக்குத் தமிழ் வரும். நான்தான் வாய்.

வெள்ளைத்துரை கட்டில் எடுத்துப் போட்டான். துரை உட்கார்ந்தார், அவன் நின்றான். நீ என் அண்ணன் மகன் என்று ஒப்புக்கொள்கிறேன் என்றார் துரை. நான் தமிழில் சொன்னேன். அவன் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. அவனுக்கு அது புதுச் சங்கதியா என்ன? போன வாரம் ஆடிக் கடைசிக்கு விளக்கு ஏற்றிப் படையல் போட்டேன் என்று மட்டும் சொன்னான்.

துரை என் பக்கம் திரும்பி, அந்தத் தேதியை யார் சொன்னது என்று கேட்டார்.

நான்தான் என்றேன்.

வேலை போயிற்று என்று நினைத்தேன். அவர் குனிந்து தம் கைத்தடியைப் பார்த்தார், அவ்வளவுதான். பிறகு விஷயத்துக்கு வந்தார். வெள்ளைத்துரையும் அவன் பிள்ளைகளும் கிரிம்ஸ்லேக் என்று பெயர் வைத்துக்கொள்ள வேண்டும், வக்கீலை வைத்துப் பதிந்துவிடலாம், பங்களா அவர்களுக்கு.

அவன் என்னைக் கேட்டான்: "அந்தப் பேருக்கு அர்த்தம் என்ன சாமி?"

எனக்கு எத்தனை நாள் காத்திருந்த கேள்வி! அழுக்கு ஓடை என்றேன், நிறுத்தி நிதானமாக.

அவன் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தான். "ஓடைன்னா நல்லதுதான். தண்ணி போற எடம். ஆனா அவுக சீமையில நாலு பேரு கேக்குறப்ப ஓடைக்கரையாளுன்னு சொன்னாத் தெரியும். இங்க என்னைய முத்துத்தாயி மகன்னு சொன்னாத்தான் தெரியும். அப்பன் இல்லாத பயன்னு ஊரு சொன்னப்ப, எங்க ஆத்தா நிமிந்து நடந்து வாங்கிக் குடுத்த பேரு அது. அத எறக்கி வச்சுட்டு இதத் தூக்கச் சொல்லாதீக. பங்களாவும் வேணாம்."

ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொன்னேன். கொண்டாட்டமாகத்தான் தொடங்கினேன். பாதியில் துரையின் முகத்தைப் பார்த்தேன். மீதியை மெல்லச் சொன்னேன்.

22 ஆகஸ்டு

துரை காலையில், அண்ணன் பெயர் உள்ள பக்கத்தைத் திரும்ப அடிக்க வேண்டும் என்றார். 'சந்ததியின்றி' கூடாது. 'ஒரு மகன்.'

மகன் பெயர் என்ன போடட்டும் என்று கேட்டேன்.

ஒவ்வொரு எழுத்தாக அவரே சொன்னார்: முத்துத்தாய் மகன் வெள்ளைத்துரை. உச்சரிப்பு கண்றாவி. நான் திருத்தவில்லை.

2 டிசம்பர், ஞாயிறு

துரை இன்று விடிகாலையில் இறந்துவிட்டார். நெஞ்சு வலி என்கிறான் சின்னான். விளாங்குடிக்கு ஆள் அனுப்பினேன். என்னை யாரும் அனுப்பச் சொல்லவில்லை.

3 டிசம்பர்

வெள்ளைக்காரர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். கிளப்பிலிருந்து இரண்டு துரைமார் வந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாதிரியார் ஜெபத்தைத் தொடங்கும் நேரம் வெள்ளைத்துரை வந்தார். தலையும் மீசையும் சிரைத்திருந்தார். ஈர வேட்டி, தோளில் துண்டு இல்லை. நேராகக் குழி ஓரத்துக்குப் போனார்.

பாதிரியார் என்னைப் பார்த்து, இவர் யார் என்றார். துரைமாரில் ஒருவர், தோட்டக்காரனாக இருக்கும், வெளியே நிற்கச் சொல் என்றார். அதைக் கேட்டு எனக்கு வந்த கோபம்! அட மூதேவிகளா, அந்த மூக்கப் பாத்துமா தெரியல?

வெள்ளைத்துரைக்கு இங்கிலீஷ் புரியாது. ஆனாலும் புரிந்துவிட்டது. "பேருதான சாமி வேணாம்னேன்," என்றார் என்னிடம். "பங்காளி இல்லேன்னா சொன்னேன்? எங்க சித்தப்பாரு இவுக. மண்ணு நாந்தான் போடணும். சொல்லுங்க."

பங்காளி என்பதற்கு இங்கிலீஷில் வார்த்தை தேடினேன், அகப்படவில்லை. இறந்தவரின் வாரிசு, வழிவிடுங்கள் என்றேன். விட்டார்கள்.

அவர் குனிந்து மண் அள்ளிப் போட்டார். வேறு யாரும் அழவில்லை.

17 டிசம்பர், திங்கள்

விளாங்குடியில் துரைக்குக் கருமாதி. போயிருந்தேன். எங்கள் ஜாதிக்காரர்கள் அங்கே கை நனைக்கமாட்டார்கள் என்று வெள்ளைத்துரைக்குத் தெரியும். எனக்கென்று பச்சரிசி, பருப்பு, வாழைக்காய் எல்லாம் ஒரு கூடையில் தனியாக எடுத்து வைத்திருந்தார், வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துக்கொள்ள.

கூடையை வேண்டாம் என்றேன். பந்தியில் அவருடைய மாமன் மச்சான்களுக்கு நடுவே இடம் இருந்தது. உட்கார்ந்தேன். இலை போட்டார்கள்.

ஜானுவிடம் இன்னும் சொல்லவில்லை. ரசம் நன்றாக இருந்தது.